முன் குழியில் உட்கார்ந்து பேசினது

ஜன்னலோரம் எனக்கு வேண்டாம்மா, நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் கால் நீட்ட வசதி. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். அருப்புக்கோட்டையில ஏறினா மாட்டுத்தாவணி போய்ச் சேர எப்படியும் ஒண்ணரை மணி நேரம். பேச்சுத் துணை இல்லாம இந்த ரோட்டுல போகமுடியாதும்மா, ரெண்டு பக்கமும் ஒரே கருவேலங்காடு. அதைக் காதுல மாட்டாதீங்க, காது கெட்டுப்போயிடும்.

என் கையைப் பார்க்கிறீங்க போலிருக்கு. எல்லாரும்தான் பார்க்கிறாங்க. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு, மேல போனா பழைய கலர். ஒண்ணரை மாசமாச்சு, இன்னும் மாறல. வயக்காட்டு வேலை இல்லம்மா. கடல்ல படகு விட்டேன். நாலு நாள். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். வேம்பார்ல ஆரம்பிச்சு கீழக்கரை வரைக்கும். அறுபத்தொரு வயசு எனக்கு. மங்களேஸ்வரி டீச்சர்னு அருப்புக்கோட்டையில யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. முப்பத்தோரு வருஷம் பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல்ல கணக்கு எடுத்தவ. நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?

கயாக்குன்னு ஒரு படகு இருக்கும்மா. ஒல்லியா, நீளமா, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. மேல ரெண்டு குழி. முன் குழியில ஒருத்தர், பின் குழியில ஒருத்தர், இடுப்பு வரைக்கும் உள்ள விட்டு உக்காரணும். தண்ணி உள்ள வராம இருக்க இடுப்பைச் சுத்தி ரப்பர் பாவாடை ஒண்ணைக் கட்டி, அதைக் குழி விளிம்புல மாட்டிடுவாங்க. புடவைக்கு மேல அது சரியா வராதுன்னு சொல்லி எனக்கு டிராக் பேண்ட் வாங்கிக் கொடுத்தா என் மருமக. அதை விடுங்க. பின்னாடி இருக்கிறவங்க காலால சுக்கானைத் திருப்பணும், அவ்வளவுதான் அவங்க வேலை. முன்னாடி இருக்கிறவங்கதான் துடுப்போட வேகத்தைப் பிடிச்சுக் கொடுக்கணும். முக்கியமான இடம் முன் குழி. அதைத்தான் எனக்குக் கொடுத்தாங்க.

பின் குழியில யாருன்னு கேளுங்க. என் மருமக சுபாஷினி.

மாமியாரும் மருமகளும் ஒரே படகுலயான்னு முழிக்கிறீங்க பாருங்க! இதைத்தான் எங்க தெருவே கேட்டுச்சு. போகவேண்டியது என் மகன் நிர்மல். புருஷனும் பெண்டாட்டியும் போறதா எல்லாம் ஏற்பாடு ஆகி, பெட்டி கட்டி, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது இவன் பேட்மிண்டன் விளையாடறேன்னு போய் விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். அவ முகம் போன போக்கைப் பார்க்கணுமே. ரெண்டு பேர் இல்லாம அந்தப் படகு நகராது. "நான் வரேன்"னு சொன்னேன். அவ என்னை ஏற இறங்க பார்த்தா. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "சரி அத்தை, வாங்க"ன்னுட்டா. எனக்கே ஆச்சரியம். மறுப்பா, நாலு நியாயம் பேசணும்னு தயாரா நின்னேன். நான் கிணத்துல குதிச்சு வளர்ந்தவ, தண்ணி எனக்குப் பயமில்ல.

நான் எதுக்கு வரேன்னேன்? அதைச் சொல்லணும் உங்ககிட்ட.

சுபா தண்ணி சுத்திகரிக்கிற கம்பெனியில எஞ்சினியர். நல்ல கெட்டிக்காரி. அவளுக்கு ஆஸ்திரேலியாவுல வேலை கிடைச்சது. ஆஸ்திரேலியான்னா ஆஸ்திரேலியா இல்ல, அதுக்கும் கீழ ஒரு தீவு. பூகோளத்துல அதுக்கப்புறம் ஐஸ்தான். அங்க இவளுக்கு வேலை, கூடவே இவனும் போறானாம், போய் அங்க ஒரு வேலை பார்த்துக்குவானாம். நாலு மாசமா எங்க வீட்டுல இதே பேச்சு. நான் எதுலயும் தலையிடறவ இல்லம்மா. அவங்க வாழ்க்கை, அவங்க இஷ்டம். ஆனா நிர்மலுக்குச் சைனஸ். மார்கழியில அருப்புக்கோட்டையிலயே அவனுக்கு மூக்கு அடைச்சுக்கும். அந்தக் குளிர்ல என்ன ஆவான்? அதுக்காகத்தான், அவன் சைனஸுக்காகத்தான், அவளைப் போகவேண்டாம்னு சொல்லணும்னு எனக்கு. எனக்குன்னு ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு, தனியா இருக்க எனக்குத் தெரியாதா?

ஆனா வீட்டுல பேச்சை எடுத்தா அவ எழுந்து போயிடுவா. "அடுப்புல பால் இருக்கு அத்தை." "ஆபீஸ் கால் அத்தை." அடுப்புல பாலே இருக்காது. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. படகுல எங்க எழுந்து போவா? இடுப்பு வரைக்கும் உள்ள, ரப்பர் பாவாடை வேற மாட்டியாச்சு. நாலு நாள், நாலு பக்கமும் தண்ணி. இப்படி ஒரு வகுப்பறை எனக்கு முப்பத்தோரு வருஷத்துல கிடைச்சதில்ல. ஒரு பிள்ளை தண்ணி குடிக்கப் போறேன்னு கைதூக்க முடியாது.

பாடத்திட்டமே போட்டுட்டேன். முதல் நாள் உடம்பு, அதாவது சைனஸ், குளிர், சாப்பாடு. ரெண்டாம் நாள் வீடு, மாடி போர்ஷன், மனுசங்க. மூணாம் நாள் பிள்ளைகுட்டி, அதுங்க பேசப்போற பாஷை. நாலாம் நாள் திருப்புதல். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவ அந்தக் கம்பெனிக்கு வரேன், வரலைன்னு முடிவு சொல்லணும். நாங்க கரை சேர்றது ஞாயித்துக்கிழமை. கணக்கு கச்சிதமா இருந்துச்சு.

எங்களைக் கூட்டிட்டுப் போனது பிரிட்டோன்னு ஒரு தம்பி. வேம்பார்க்காரர், கடல்லயே பிறந்து வளர்ந்தவர். அவர் தனிப்படகு. ஈரோட்டு டாக்டரும் அவர் வீட்டம்மாவும் ஒரு படகு. நாங்க ஒரு படகு. மொத்தம் அஞ்சு பேர். முதல் நாளைக்கு முந்தின நாள் ஆழமில்லாத இடத்துல வெச்சு எங்களைக் கவுத்து விட்டார் அந்தத் தம்பி. ஆமாம்மா, வேணும்னேதான். கவுந்தா எப்படி வெளிய வரணும்னு பழக்கணுமாம். நான் தலைகீழாத் தொங்கினபடி ரப்பர் பாவாடையை இழுத்து வெளிய வந்து, வாயில இருந்த தண்ணியைத் துப்பிட்டு, "பிரிட்டோ, சொல்லிக் கொடுக்கிற முறை இது இல்ல, முதல்ல விளக்கணும், அப்புறம்தான் செய்முறை"ன்னு சொன்னேன். "விளக்கினேனே டீச்சரம்மா, நீங்க பேசிட்டு இருந்தீங்க"ங்கிறார். ஆளு நல்ல ஆளு, மரியாதை தெரிஞ்சவர், ஆனா சாக்கு ஜாஸ்தி.

மறுநாள் காலையில கிளம்பினோம். கரை அப்படியே விலகிப் போச்சு. அந்தப் பக்கம் ஊரே கிடையாதும்மா. மணல் மேடு, பனை, உடைமரம், மறுபடி மணல் மேடு. ஒரு மனுசர் இல்ல, ஒரு டீக்கடை இல்ல. கடல் கண்ணாடி மாதிரி, அடியில கோரைப்புல் ஆடறது தெரியும். பங்குனி கடைசி. பிரிட்டோ கையைக் காட்டி, "கச்சான் முதுகுல அடிக்குது, ராசியான காத்து, நம்மளைத் தள்ளிட்டே போயிடும்"னார். கச்சான்னா மேக்கால இருந்து வர்ற காத்தாம்.

நான் ஆரம்பிச்சேன். சைனஸ்னா என்ன, அது எங்க வருது, எப்படி வருது. அவன் அப்பா வழியில யாருக்கு இருந்துச்சு, எங்க வழியில யாருக்கு. அடிப்படையில இருந்து வரணும்மா, அப்பத்தான் மனசுல நிக்கும். பின்னாடி இருந்து அவ, "ம்ம்." நான் அடுத்தது சொன்னேன். "ம்ம்." குளிர் நாட்டுல ரசம் வெச்சா பாத்திரம் மூடி திறக்கிறதுக்குள்ள ஆறிடும்னேன். "ம்ம்." ஒண்ணுகூட விடல. ஒவ்வொண்ணுக்கும் உம் கொட்டினா. வீட்டுல ரெண்டு நிமிஷம் நிக்காதவ, மூணு மணி நேரம் உம் கொட்டிக் கேட்டா. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. வகுப்புல எந்தப் பிள்ளை உம் கொட்டுதோ அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சாச்சுன்னு அர்த்தம். இது என் அனுபவம்.

முன் குழியில உக்கார்ந்தா திரும்பிப் பார்க்க முடியாதும்மா, படகு ஆடும். கடலைப் பார்த்தபடியேதான் பேசணும். அது எனக்குப் பழக்கம்தான், போர்டைப் பார்த்து எழுதிக்கிட்டே பேசுவோமே. நடுநடுவுல கையை ஆட்டி விளக்கவேண்டிய இடத்துல மட்டும் துடுப்பை மடியில வெச்சுக்குவேன். மத்தபடி நான் துடுப்பு போடாத நேரமே இல்ல. படகு நிக்காமத்தான் போச்சு.

சாயங்காலம் ஒரு மணல்ல ஏத்தினோம். கூடாரம் அடிச்சு, பிரிட்டோ சின்ன அடுப்புல உப்புமா கிண்டினார். நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி கூட, கடுகு வெடிக்கவே இல்ல, வெங்காயம் பச்சை, இதை மட்டும்தான் சொன்னேன். மறுநாள்ல இருந்து நானே கிண்டினேன். ஒதுங்கணும்னா கையில ஒரு சின்ன மண்வெட்டியைக் கொடுத்து மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவாங்க. ரிடையர்ட் டீச்சர், மண்வெட்டியோட நடக்கிறேன். எதிர்ல டாக்டர் அதே மாதிரி மண்வெட்டியோட திரும்பி வரார். ரெண்டு பேரும் "வணக்கம்" சொல்லிக்கிட்டோம், வேற என்ன செய்ய?

சுபா அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் படுத்துட்டா. தோள்ல ஏதோ களிம்பு தேய்ச்சுக்கிட்டா. "என்ன, சின்ன வயசுக்காரி, இதுக்கே இப்படியா? எனக்கு ஒரு வலியும் இல்லையே"ன்னேன். அவ சிரிச்சா.

ரெண்டாம் நாள் வீடு. வீட்டைப் பத்திச் சொல்ல எனக்கு ஒரு நாள் போதாதும்மா. அவர் லோன் போட்டுக் கட்டின வீடு. மாடி போர்ஷன் இவங்களுக்குன்னே கட்டினது, பாத்ரூம் டைல்ஸ் அவ தேர்ந்தெடுத்த கலர். எல்லாத்துக்கும் "ம்ம்." மத்தியானம் ஆனதும் உம் கொஞ்சம் பலமாவே வந்துச்சு. நான் முக்கியமான கேள்வியைப் போட்டேன். "அப்போ போகவேண்டாம், இங்கேயே இருந்திடுங்க, என்ன சுபா?" ஒரு நொடி நிப்பாட்டினேன். பின்னாடி இருந்து தெளிவா, "ம்ம்!" சந்தேகம் வேண்டாம்னு இன்னொரு தடவை கேட்டேன். "நிச்சயமா?" "ம்ம்!"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பாடம் ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சு போச்சு. அன்னிக்கு இறங்கின இடத்துல என் போன்ல ரெண்டு கோடு சிக்னல் காட்டுச்சு. அவ துணி உலர்த்திட்டு இருந்தா, நான் கொஞ்சம் தள்ளிப் போய் நிர்மலுக்குப் போட்டேன். "டேய், உன் பெண்டாட்டி சம்மதிச்சுட்டா. போகலையாம்"னேன். "நிஜமாவாம்மா? அவளே சொன்னாளா?" "ஒரு தடவை இல்லடா, ரெண்டு தடவை."  "அவளே சொன்னா சரிதாம்மா"ன்னு வெச்சுட்டான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. கை வலியா இருக்கும்னு நினைச்சேன்.

டிக்கெட்டா? மாட்டுத்தாவணி ஒண்ணுங்க. சில்லறை இருக்கு, இந்தாங்க.

எங்க விட்டேன்? மூணாம் நாள். மூணாம் நாள் பாடம் தேவையே இல்ல, ஆனாலும் எடுத்தேன். திட்டம்னா திட்டம். அன்னிக்குச் சாயங்காலம் இறங்கின இடத்துல பெரிய மணல் மேடு ஒண்ணு. சிக்னல் தேடி சுபா மேல ஏறினா. நான் கீழ அரிசி கழுவிட்டு இருக்கேன். கொஞ்ச நேரத்துல மேட்டுல இருந்து இறங்கி வரா பாருங்க, மணல் ரெண்டு பக்கமும் சரியச் சரிய, ஓட்டமும் நடையுமா.

"அத்தை, நான் எப்ப சம்மதிச்சேன்?"

"எதுக்கு?"

"போகலைன்னு நான் எப்ப சொன்னேன்? அவர் வேலையை விடறேன்னு கொடுத்திருந்த லெட்டரைத் திரும்ப வாங்கிட்டாராம். நான் சொன்னேன்னு நீங்க சொன்னீங்களாம்!"

"நேத்து மத்தியானம் கேட்டேனே சுபா. நீதானே உம், உம்னு சொன்னே? மூணு நாளா உம் கொட்டிட்டுத்தானே வரே?"

அவ என்னைப் பார்த்தா.  அப்புறம், "அத்தை, அது மூச்சு. துடுப்பு இழுக்கிற மூச்சு. நான் ஒருத்தியா இழுத்துட்டு வரேன், முக்காம எப்படி இழுக்கிறது?"ன்னா.

ஒருத்தியான்னு அவ சொன்னது கோவத்துல. அதை நான் பெரிசா எடுத்துக்கல.

"அப்போ நான் சொன்னதெல்லாம்?"

"என்ன சொன்னீங்க?"

பிரிட்டோதான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நடுவுல வந்தார். "டீச்சரம்மா, காத்து பின்னாடியிருந்து அடிக்குதுல்ல. முன் குழியில பேசறது அப்படியே முன்னாடி போயிடும். பின் குழிக்கு ஒரு சொல் கேக்காது. பின்னாடி இருக்கிறவங்க தும்மினாகூட முன்னாடி கேக்கும்." அப்புறம் ஒரு யோசனையோட சேர்த்துக்கிட்டார், "நீங்க பாட்டுப் பாடிட்டு வரீங்கன்னுல்ல நான் நினைச்சேன்."

மூணு நாள்மா! சைனஸ், ரசம், மாடி போர்ஷன், டைல்ஸு, பேரப்பிள்ளை, பாஷை. எல்லாத்தையும் மீனுக்குப் பாடம் எடுத்திருக்கேன். டாக்டர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கிட்டுக் கூடாரத்துக்குள்ள போயிட்டாங்க. தோள் குலுங்கிச்சு, நான் பார்த்தேன்.

சுபா சிரிக்கல. மறுபடி மேடு ஏறினா. நிர்மலுக்குப் பேசறா, காத்துல துண்டு துண்டா வருது. "இல்ல... நான் சொல்லல... உனக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" திரும்பி வந்து சாப்பிடாம உக்கார்ந்தா. "நாளைக்கு மறுநாள் நான் பதில் சொல்லணும் அத்தை. இப்ப அவர் குழம்பிப் போய் இருக்கார். அம்மா மனசு கஷ்டப்பட்டா வேண்டாம்ங்கிறார். முடிவு உங்க கையிலன்னு வெச்சுட்டார்"னா. சொல்லிட்டு எழுந்து போயிட்டா. ஒரே கூடாரம்மா எங்களுக்கு. முதுகோட முதுகு வெச்சுப் படுத்துக்கிட்டோம்.

நாலாம் நாள் விடிஞ்சா கடல் வேற கடல். காத்து திரும்பிடுச்சு. கொண்டல்னார் பிரிட்டோ, கிழக்கால இருந்து வர்றது. மூஞ்சிக்கு நேரா அடிக்குது. அலை முன்முனையில ஏறி என் மடியில வந்து விழும். கீழக்கரை இன்னும் அஞ்சு மைல். நான் பேசவே இல்ல. என்னத்தைப் பேச? துடுப்பை மட்டும் போட்டேன். சொல்றதுக்கென்ன, கஷ்டமாத்தான் இருந்துச்சு. மூணு நாள் தோள் வலிக்கல, அன்னிக்கு ஒரு மணி நேரத்துல கழண்டு போச்சு. இத்தனைக்கும் மூணு நாளும் இதே துடுப்புதான், இதே கைதான். ஏன்னு எனக்கு இப்பவும் புரியல.

ஒரு இடத்துல பின்னாடி இருந்து அவ கத்திக் கேட்டா. "என்ன அத்தை, சத்தத்தையே காணோம்?"

"என்ன பேச? உனக்குத்தான் கேக்காதே."

"இன்னிக்குக் கேக்கும். காத்து எதிர்ல அடிக்குது, நான்தான் கத்தணும். நீங்க முனகினாகூடக் கேக்கும். சொல்லுங்க, மூணு நாளா என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

எனக்குச் சைனஸ்ல இருந்து ஆரம்பிக்கணும்னுதான் நினைப்பு. வாயைத் திறந்தேன், சைனஸ் வரல. பாழாப்போன அழுகைதான் முட்டிட்டு வந்துச்சு. நல்லவேளை அலை மூஞ்சியில அடிச்சுட்டே இருந்துச்சு, எது உப்புத்தண்ணி, எது என்னதுன்னு தெரியல.

"நாலு மாசமா என்கிட்ட என்னல்லாம் கேட்டீங்க சுபா? ஃபிரிட்ஜை யாருக்குக் கொடுக்கலாம்னு கேட்டீங்க. மாடிக்கு வாடகைக்கு ஆள் வைக்கலாமான்னு கேட்டீங்க. செம்பருத்திக்கு யார் தண்ணி ஊத்துவாங்கன்னு கேட்டீங்க. நான் திண்டுக்கல்ல அகிலா வீட்டுக்குப் போறேனா, இங்கேயே கிடக்கிறேனான்னு கேட்டீங்க. நீங்களும் வாங்க அத்தைன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவனும் கேக்கல, நீயும் கேக்கல. செம்பருத்தியும் நானும் ஒண்ணா உங்களுக்கு?"

அகிலா என் மூத்த பொண்ணும்மா.

பின்னாடி துடுப்புச் சத்தம் நின்னு போச்சு. படகு பின்னால போக ஆரம்பிச்சது.

"நீங்க வரமாட்டீங்கன்னு அவர் சொன்னார் அத்தை. உங்ககிட்ட கேட்டா கஷ்டப்படுவீங்கன்னு. வீட்டை விட்டுட்டு அம்மா எங்கேயும் வரமாட்டாங்கன்னு."

"வரமாட்டேன்தான்! யாரு வரேன்னா? வர்றது வேற, கூப்பிடுறது வேற. என் நாத்தனா மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பிச்சாங்க. எதிர்த் தெரு. நான் போகல. நேர்ல வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டிருந்தா? அப்பவும் அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், போயிருக்க மாட்டேன். ஆனா அது வேற விஷயம் இல்லையா?"

சொல்லுங்கம்மா, அது வேற விஷயம்தானே?

 அவ குரலை உசத்தி, "நானும் இந்த நாலு நாளும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன் அத்தை. நீங்க வரேன்னதும் சரின்னது அதுக்குத்தான். வீட்டுல கேட்டா அவர் நடுவுல விழுந்து தடுப்பார். ஆனா நீங்க முன்னாடி ஓயாம ஏதோ சொல்லிட்டே வந்தீங்க, சந்தோஷமா இருக்கீங்க, கெடுக்கவேண்டாம்னு விட்டுட்டேன்"னா.

எனக்குத் திரும்பிப் பார்க்கணும் போல இருந்துச்சு. திரும்பினா படகு ஆடும். அப்படியே உக்கார்ந்திருந்தேன். தூரத்துல பிரிட்டோ விசில் அடிக்கிறார், எங்க படகு குறுக்க திரும்புது, அலை பக்கவாட்டுல தூக்குது. அப்பப் பார்த்து என் வலது தோள் பக்கமா அவ துடுப்போட அலகு மெதுவா நீண்டு வருது. பார்த்தா அது மேல ஒரு கடலைமிட்டாய். காகிதம் பிரிச்சது.

"அத்தை, தாம்பாளம் இல்ல, குங்குமம் இல்ல, வெத்தலை பாக்கு இல்ல. இருக்கிறது இதான். நானும் உங்க மகனும் போற ஊருக்கு நீங்களும் வந்து எங்க கூட இருக்கணும். முறையாத்தான் கூப்பிடறேன். எடுத்துக்கங்க, சீக்கிரம், கவுந்துடுவோம்."

எடுத்துக்கிட்டேன். வாயில போட்டேன். உப்புக் கரிச்சது. என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு யாரும் இவ்வளவு மரியாதை பண்ணலம்மா, சத்தியமாச் சொல்றேன்.

"வரமாட்டேன்"னேன்.

"ஏன் அத்தை?"

"அந்தக் குளிர்ல எனக்கென்ன வேலை? நீங்க போங்க. அவன் சைனஸை நீ பார்த்துக்க. கரைக்குப் போனதும் நானே அவனுக்குப் போன் போட்டுச் சொல்றேன், மறுபடி லெட்டரைக் கொடுடான்னு. இப்ப துடுப்பைப் போடு, அந்தத் தம்பி விசில் ஊதியே செத்துடுவான்."

அப்புறம் இழுத்தோம் பாருங்க! அவ இழுப்பும் என் இழுப்பும் ஒண்ணா விழுந்துச்சு. ரெண்டு பேருமே "ம்ம், ம்ம்"னு முக்கிக்கிட்டு. டாக்டர் படகை முந்தினோம்மா. கரையில இறங்கினப்ப எனக்குக் கால் நிக்கல, அவதான் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டா. தூக்கி விட்டுட்டுக் கையை உடனே விடல. நானும் விடச் சொல்லல.

திங்கட்கிழமை அவ வரேன்னு பதில் போட்டா. வைகாசி முடிஞ்சதும் கிளம்பறாங்க, இன்னும் இருபது நாள். ஃபிரிட்ஜ் அகிலாவுக்கு. மாடிக்கு யாரும் வேண்டாம்னுட்டேன். நிர்மலும் கூப்பிட்டான், நேர்ல வந்து, பக்கத்துல உக்கார்ந்து. அவன்கிட்டயும் வரமாட்டேன்னுட்டேன். போன ஞாயித்துக்கிழமை சுபாவோட அம்மா அப்பா வந்து கூப்பிட்டாங்க, அவங்களுக்கும் அதே பதில். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மனசுக்கு எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா?

மாட்டுத்தாவணி வந்தாச்சா? அட, நீங்க ஒரு வார்த்தை பேசலையேம்மா. பேசியிருந்தா நான் கேட்டிருப்பேனே. நான் எங்க போறேனா? பாஸ்போர்ட் ஆபீஸுக்கு. பதினொண்ணரைக்கு வரச் சொல்லியிருக்காங்க, சுபாதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் போட்டுக் கொடுத்தா. ஐயோ, போறதுக்கு இல்லம்மா! கையில பாஸ்போர்ட்டே இல்லாதவ வரமாட்டேன்னு சொன்னா அதுக்கு என்ன மதிப்பு, வேற வழியில்லாம சொல்றான்னுதானே நினைப்பாங்க? ஒரு தடவை எடுத்தா பத்து வருஷத்துக்குச் செல்லுமாமே. நல்லதாப் போச்சு. எழுபத்தொரு வயசு வரைக்கும் அவங்க கூப்பிட்டுட்டே இருக்கலாம், நானும் வரமாட்டேன்னு சொல்லிட்டே இருக்கலாம்.